யாழ்ப்பாணத்து மாணாக்கர் நாளொழுங்கிற் சமயம்

ஒரு நாட்டின் சமயநிலையை ஆராயப் புகுவோர் முதலிற் கோயில்களையும் நூல்களையும் நோக்குவர். அவை நோக்கற்பாலனவே. ஆயினும் ஓர் இளைஞனுடைய உள்ளத்திற் சமயம் எங்ஙனம் வேரூன்றிற்று என்பதை அறிய விரும்புவோர்க்கு அவை மாத்திரம் போதியனவல்ல. அவன் வைகறையில் எந்நேரம் எழுந்தான், எந்தக் கிணற்றில் நீராடினான், யார் சமைத்ததை உண்டான், நெற்றியில் எதனை அணிந்தான், மணியோசை கேட்டதும் எங்கே சென்றான் என்னும் சிறு வினாக்களுக்கும் விடை காணல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த கல்வி வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுவதாகும். அக்காலத்துச் சமயப் போராட்டம் பிரசங்க மேடைகளிலும் கண்டனப் பத்திரங்களிலும் நடந்ததென்றே பெரும்பாலும் எண்ணப்படுகின்றது. அவற்றுக்கு முன்னரே அது மாணாக்கர் விடுதியின் அடுக்களையிலும் கிணற்றடியிலும் தொடங்கிவிட்டது. அப்போராட்டத்தின் வழியே சைவக் கல்லூரிகளின் நாளொழுங்கு எவ்வாறு உருவாயிற்று என்பதையும், அவ்வொழுங்கு மாணாக்கர்க்கு எதனை அளித்தது, எதனை அளிக்கத் தவறியது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேனாட்டார் முறையிலமைந்த பாடசாலைகள் தோன்றுமுன் யாழ்ப்பாணத்துச் சிறுவர் கல்வி கற்றவிடம் ஆசிரியருடைய திண்ணை. விசயதசமி நாளில் ஏடு தொடக்கப்பெற்ற பிள்ளை மணலிலே விரலால் எழுதிப் பழகிப் பின்னர் ஓலையில் எழுத்தாணி பிடிப்பான். ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய நீதிநூல்களும், நிகண்டும், அந்தாதிகளும் மனனஞ் செய்யப்பட்டன. அங்கே சமயம் என்று தனியாக ஒரு பாடம் இருந்ததில்லை. எழுத்தைத் தொடங்குதற்கு முன்னே பிள்ளையாரை வணங்குதலும், கற்கும் நூலின் காப்புச் செய்யுளும், மாலையிற் கோயிலிலே கேட்கும் புராணபடனமும் ஒன்றோடொன்று பிணைந்து கிடந்தன. கந்தபுராணத்தை ஒருவர் வாசிக்க மற்றொருவர் பயன் சொல்ல, ஊரவர் கூடியிருந்து கேட்கும் வழக்கம் இந்நாட்டிலே ஆழமாக வேரூன்றியிருந்தது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்தாரின் வாழ்க்கைமுறையைக் கந்தபுராணக் கலாசாரம் எனப் பெயரிட்டழைத்தமை இதுபற்றியே. அக்கலாசாரத்திற் பிறந்த சிறுவனுக்குச் சமயம் என்பது நாள்முழுதும் அவனைச் சூழ்ந்து நின்ற வழக்கமேயன்றி, ஒரு குறித்த நேரத்திற் படித்து முடிக்கும் விஷயமன்று.

இந்நிலை இடையூறின்றி இருந்ததென்று கொள்ளுதல் கூடாது. 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கோவிற்பற்றுத்தோறும் பாடசாலை அமைத்துத் தங்கள் திருச்சபையின் உபதேசங்களைக் கற்பித்தனர். பிள்ளைகளை அனுப்பாத பெற்றோர் தண்டப்பணம் இறுக்கவேண்டியவராயினர். ஞானஸ்நானப் பதிவும் விவாகப் பதிவும் அப்பாடசாலைகளோடு தொடர்புற்றிருந்தமையால் அவற்றைப் புறக்கணித்தல் எளிதாக இருக்கவில்லை. பாடசாலையிலே செபத்தை ஒப்புவித்த பிள்ளை வீட்டிலே விரதங் காத்தான். விரதநாளில் உண்ட வாழையிலையை அதிகாரிகள் காணாதவாறு கூரைக்குள் செருகிவைத்தனர் என்னும் செய்தி யாழ்ப்பாணத்திற் பரம்பரையாகக் கூறப்பட்டு வருவது. அச்செய்தி எத்துணை வீடுகளுக்குப் பொருந்தும் என ஆராய்தல் ஒருபுறமிருக்க, அதன் கருத்து ஆழ்ந்து நோக்கத்தக்கது. பாடசாலை பிள்ளையின் நாவை ஆட்சிசெய்தது. அவனுடைய நாளை ஆட்சிசெய்யவில்லை. ஆதலின் ஆட்சி மாறியதும் ஒல்லாந்தர் நாட்டிய சமயம் பெரும்பகுதியும் உதிர்ந்துபோயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த மிஷனரிமார் இதனை நன்கு உணர்ந்தவர்கள். வெஸ்லியன் மிஷனார் 1814ஆம் ஆண்டிலும், அமெரிக்க மிஷனார் 1816ஆம் ஆண்டிலும், சேர்ச் மிஷனார் 1818ஆம் ஆண்டிலும் யாழ்ப்பாணத்திலே தொண்டு தொடங்கினர். இவருள் அமெரிக்க மிஷனார் கிராமந்தோறும் பகற்பாடசாலைகளை நிறுவியபோதிலும், பகலிற் கற்பித்ததை இரவிலே வீடு அழித்துவிடுகின்றது என்பதை விரைவிற் கண்டுகொண்டனர். பிள்ளைகளை வீட்டினின்றும் பிரித்துத் தம் வளவிலே உணவும் உடையும் கொடுத்து வளர்த்தாலன்றித் தங்கள் முயற்சி பயன்படாது என்று துணிந்தனர். விடுதிப் பாடசாலைகள் இக்கருத்திலிருந்தே பிறந்தன. அவற்றின் முடியாக 1823ஆம் ஆண்டிலே வட்டுக்கோட்டைச் செமினரி தானியேல் பூவர் அவர்களைத் தலைவராகக் கொண்டு தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டிலே உடுவிலிற் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை எழுந்தது.

அடுக்களை பற்றிய வினா இங்கேதான் எழுந்தது. ஆங்கிலமும் கணிதமும் கற்க ஆவலோடு வந்த சிறுவர், மிஷன் வளவிற் சமைத்த உணவை உண்ண மறுத்தனர். ஆதலால் ஆரம்பத்தில் அயலிலிருந்த சைவர் ஒருவரது காணியிலே சமையற் கொட்டிலை அமைக்கவேண்டியதாயிற்று. கிணற்றைப் பற்றியும் இவ்வாறே ஐயம் பிறந்தது. மிஷனார் பயன்படுத்திய கிணற்றின் நீரைக் குடிக்கக் கூசிய சிறுவர் அதனை இறைத்துத் தூய்மை செய்ய முயன்றனர் என்றும், ஊற்று வற்றாமையாற் களைத்து, இறைத்தவளவே போதுமென அமைந்தனர் என்றும் அக்காலத்துச் செய்திகள் கூறும். பெண்கல்வியின் தொடக்கம் பற்றியும் இத்தகைய ஒரு செய்தி உண்டு. மிஷன் வீட்டுக்குத் தையல் பழகச் சென்ற இரு சிறுமியர் பெருமழையால் இரவு அங்கேயே தங்க நேர்ந்தது. பசியால் அழுத அவர்கள் தந்தையின் இசைவு பெற்ற பின்னரே உணவு கொண்டனர். அன்று கழிந்த அவ்வொரு வேளை உணவே பெண்பிள்ளைகள் விடுதியில் வாழ்தற்கு வழிதிறந்தது என்பர். மிஷனார் இவ்விஷயங்களிற் பொறுமை காட்டினர். கொட்டில் அயற்காணியிற் சிலகாலம் நின்றது. பின்னர் வளவுக்குள் வந்தது.

உள்ளே வந்த மாணாக்கனுடைய நாள் முற்றும் புதிதாயிற்று. மணியோசைக்கு எழுதலும், காலை மாலைகளிலே கூடிச் செபஞ் செய்தலும், வேதாகமம் வாசித்தலும், ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாகப் பேணுதலும் அவனுக்கு வழக்கமாயின. அவன் பெயரும் மாற்றம் பெற்றது. அமெரிக்காவிலிருந்து மாணாக்கரது செலவைத் தாங்கிய உபகாரிகளின் பெயர்கள் அவர்களுக்கு இடப்பட்டன. நெவின்ஸ், கறோல், ஆர்னோல்ட் முதலிய பெயர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் நுழைந்த வரலாறு இதுவே. பாடங்களும் இந்நோக்கத்துக்கு இசைந்திருந்தன. வானசாஸ்திரம் கற்பிக்கப்பட்டபோது அது வெறும் விஞ்ஞானமாக நிற்கவில்லை. புராணங்கள் கூறும் பூகோள நிலையை மறுக்கும் வாதமாகவும் நின்றது. ஆங்கிலம், தமிழ், வடமொழி, கணிதம், தத்துவம் என்பன உயர்ந்த தரத்திற் கற்பிக்கப்பட்டமையாற் செமினரியின் புகழ் கடல் கடந்தும் பரவிற்று. இலங்கை அரசாங்கக் காரியதரிசியாயிருந்த எமேர்சன் ரெனன்ற் 1850ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலிலே அதன் கல்வித்தரத்தை வெகுவாகப் பாராட்டினார்.

இத்துணைச் சிறப்போடு விளங்கிய செமினரி 1855ஆம் ஆண்டிலே மூடப்பட்டது. போஸ்ரன் நகரத்துத் தலைமைச் சங்கத்திலிருந்து வந்த றூபஸ் அண்டர்சன் முதலானோர் அதன் பயனை ஆராய்ந்து, ஆங்கிலக் கல்வி மாணாக்கரை ஊழியத்துக்கு அன்றி உத்தியோகத்துக்கே ஆயத்தஞ் செய்கின்றது என்று கண்டனர். செமினரியில் இருக்கும்போது திருச்சபையிற் சேர்ந்தவர் பலர் வெளியேறியபின் மெல்ல மெல்லச் சைவ ஒழுக்கத்துக்குத் திரும்பினர். இது நம்பிக்கைத் துரோகம் என்றோ, முன்னர்க் கொண்ட நம்பிக்கை பொய் என்றோ எளிதாகச் சொல்லிவிடத்தக்கதன்று. விடுதியின் நாள் முடிந்ததும் வீட்டின் நாள் மீண்டது. தாயின் அடுக்களையும், ஊர்க் கோயிலின் மணியும், விவாகமும், ஈமக்கடனும் அவனை மறுபடி தம் ஒழுங்குக்குள் இழுத்துக்கொண்டன. மிஷனார் எந்தக் கருவியைக் கொண்டு வென்றார்களோ அந்தக் கருவியினாலேயே தோற்றனர்.

ஆயினும் எல்லாரும் திரும்பினர் என்பதும் பிழை. உதயதாரகைப் பத்திரிகையின் ஆசிரியராயிருந்தவரும், பாவலர் சரித்திர தீபகம் இயற்றியவருமாகிய ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை அவர்கள் இறுதிவரை கிறித்தவராக வாழ்ந்து தமிழுக்குத் தொண்டாற்றினார். மறுபுறத்திலே, சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாக விளங்கிய சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் செமினரியிற் பயின்று பின்னர்ச் சைவத்தைத் தழுவியவர்கள். செமினரியின் தலைவராயிருந்த ஹொய்சிங்ரன் அவர்கள் நிலையும் வியக்கத்தக்கது. கற்பிக்க வந்த அவர் சைவசித்தாந்தத்தைக் கற்று, சிவஞானபோதம் முதலியவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பு 1854ஆம் ஆண்டில் அமெரிக்கக் கீழைத்தேயச் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. ஒரே வளவிலே, ஒரே மணியோசையின் கீழ், இத்துணை வேறுபட்ட முடிவுகள் விளைந்தன. நாளொழுங்கு பழக்கத்தை உண்டாக்கவல்லது. அப்பழக்கத்தைத் தன் உறுதியாக ஏற்பதும் விடுவதும் அவ்வவர் உள்ளத்தின் செயல் என்பதற்கு இவர்கள் சான்றாவர்.

மிஷன் கல்விமுறையை உள்ளிருந்தே கண்டு, அதன் வலிமையின் மூலத்தை முற்ற உணர்ந்தவர் நல்லூர் ஆறுமுகநாவலர் அவர்கள். 1822ஆம் ஆண்டிற் பிறந்த அவர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் ஆங்கிலப் பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்து, பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்தபோது அவருக்குத் துணைபுரிந்தார். இவ்வாண்டுகள் முழுவதும் அவர் சைவராகவே வாழ்ந்தார். பகலிற் கிறித்தவ வேதத்துக்குச் செப்பமான தமிழ்நடை தேடிய ஒருவர், காலையும் மாலையும் தமது அநுட்டானத்தை விடாது செய்தார் என்பது மாணாக்கர் உள்ளத்திற் பதியவேண்டியதொரு செய்தி. பிற சமயநூலை ஆழ்ந்து கற்றல் தன் சமயத்தில் உறுதியைக் குலைத்தே தீரும் என்பது உண்மையாயின் நாவலர் தோன்றியிருக்கமாட்டார்.

1847ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 31ஆந் திகதி வெள்ளிக்கிழமை இரவு வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே நாவலர் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். வெள்ளிக்கிழமைதோறும் அது தொடர்ந்தது. ஞாயிறுதோறும் பிரசங்கம் என்னும் மிஷன் வழக்கத்துக்கு வெள்ளிதோறும் பிரசங்கம் என்பது விடையாயிற்று. அடுத்த ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை அவர் நிறுவினார். வகுப்புப் பிரிவும், அச்சிட்ட பாடநூலும், நேர ஒழுங்கும் மிஷன் பாடசாலைகளிலிருந்து கொள்ளப்பட்டவையே. 1849ஆம் ஆண்டிற் சென்னை சென்று அச்சியந்திரங் கொண்டுவந்து அவர் வெளியிட்ட பாலபாடங்கள் படிமுறையாக அமைந்தவை. எளிய வசனநடையில் எழுதப்பட்டவை. கிறித்தவ ஞானோபதேசத்தின் வினாவிடை முறையையே கையாண்டு சைவ வினாவிடையையும் இயற்றினார். மிஷனாரின் கருவிகளைக் கொள்ளுதற்கு அவர் கூசவில்லை.

அவ்வினாவிடையின் பொருளமைதி இக்கட்டுரைக்கு மிகவும் இன்றியமையாதது. கடவுள் இலக்கணத்தையும் உயிரின் இயல்பையும் கூறுவதோடு அந்நூல் நின்றுவிடவில்லை. எப்பொழுது துயிலெழுதல் வேண்டும், திருநீற்றை எங்ஙனம் தரித்தல் வேண்டும், ஐந்தெழுத்தை எவ்வாறு செபித்தல் வேண்டும், கோயிலில் எம்முறையால் வழிபடல் வேண்டும் என்பனவற்றையும் சிறுவருக்கு விளங்கும்படி அது கற்பித்தது. முன்னாளிலே தாயும் பாட்டியும் செய்யக் கண்டு பிள்ளை பழகிய ஒழுக்கம் இப்பொழுது அச்செழுத்தில் வினாவும் விடையுமாக நின்றது. இதனால் ஒரு நன்மையும் ஒரு குறையும் விளைந்தன. பிற சமயத்தார் வினாவியபோது விடை கூறும் ஆற்றல் மாணாக்கனுக்கு உண்டாயிற்று, இது நன்மை. விடையை ஒப்புவித்தலே ஒழுக்கம் என மயங்கும் நிலையும் அதனோடு கூடவே பிறந்தது, இது குறை. நாவலருக்கு இம்மயக்கம் இருந்ததில்லை. அவர் கற்பித்த நித்தியகருமத்தை அவரே நாடோறும் செய்துகாட்டினார். நூலை மாத்திரம் பெற்றுக்கொண்டு அவ்வொழுக்கத்தைக் காணாத பிற்காலத்தவர்க்கே அது நேர்ந்தது.

தமிழ்ப் பாடசாலைகளாற் சைவச் சிறுவருக்கு ஓரளவு இடம் கிடைத்தபோதிலும், ஆங்கிலம் வேண்டியவர்கள் மிஷன் கல்லூரிகளையே நாடவேண்டியிருந்தது. அரசாங்க உத்தியோகத்துக்கு ஆங்கிலமே வாயிலாயிருந்தது. அங்கே நெற்றித் திருநீறு ஒரு பெரிய பிரச்சினையாயிற்று. திருநீறு அணிந்துவரும் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்த பாடசாலைகளும் இருந்தன என்பது நாவலர் சரித்திர மரபிலே கூறப்படுவது. வாயிலில் அதனை அழித்துவிட்டு உள்ளே சென்று, மாலையில் மீண்டும் அணியலாம் என்று எண்ணிய பெற்றோரும் இருந்திருத்தல் இயல்பே. ஆனால் ஒரு சிறுவன் நாள்தோறும் தன் நெற்றியைத் தானே துடைத்துக்கொள்ளும் பழக்கம் அவன் உள்ளத்தில் என்ன செய்யும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவன் தன் சமயத்தையும் ஆழ்ந்து பற்றான். எதிரிலுள்ள சமயத்தையும் உண்மையோடு கொள்ளான். இரண்டையும் வேண்டும்போது அணிந்து வேண்டாதபோது களையும் வேடமாகக் கருதிவிடுவான். ஆங்கிலச் சைவக் கல்லூரி வேண்டும் என்ற கிளர்ச்சியின் உயிர்நிலை இதுவே.

1872ஆம் ஆண்டிலே நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவாங்கில வித்தியாசாலை ஒன்றைத் தொடங்கினார். பொருள்வலி இன்மையால் அது சில ஆண்டுகளில் நின்றுவிட்டது. 1879ஆம் ஆண்டில் நாவலர் மறைந்தபின் அவருடைய எண்ணம் மறையவில்லை. 1888ஆம் ஆண்டிற் சைவபரிபாலன சபை தோன்றிற்று. அதன் ஆதரவில் அடுத்த ஆண்டு இந்துசாதனம் பத்திரிகை வெளிவரலாயிற்று. வில்லியம் நெவின்ஸ் முத்துக்குமாரு சிதம்பரப்பிள்ளை அவர்கள் முன்னர்த் தொடங்கியிருந்த ஆங்கிலப் பாடசாலை சபையின் பொறுப்பில் வந்து, 1890ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் நிலைபெற்று, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. உபகாரியின் பெயரைச் சுமந்த ஒருவரது பாடசாலையே சைவக் கல்லூரிக்கு வித்தாயிற்று என்பது வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று. 1897ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் மேனாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியிலே வேதாந்தம் பற்றிச் சொற்பொழிவாற்றினார். கல்லூரி தோன்றி ஏழாண்டுகளே கழிந்த அக்காலத்தில், தாம் பிறந்த சமயத்தை உலகம் செவிமடுக்கின்றது என்னும் துணிவு அவ்வரவினால் மாணாக்கருக்கு உண்டாயிற்று.

இருபதாம் நூற்றாண்டிலே இம்முயற்சி பலவாறு விரிந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் 1913ஆம் ஆண்டில் மருதனார்மடத்திற் பெண்கள் கல்லூரியையும், 1921ஆம் ஆண்டில் திருநெல்வேலியிற் பரமேசுவராக் கல்லூரியையும் நிறுவினார். பெண்கள் கல்லூரியின் முதல் அதிபராகப் புளோரன்ஸ் பார் என்னும் ஆங்கில நாடகநடிகையார் வந்து பணிபுரிந்தமை குறிப்பிடத்தக்கது. வீட்டின் நாளொழுங்கைக் காப்பவர் பெண்களாதலின், அவர்களுக்குச் சைவச் சூழலிலே விடுதிக் கல்வி அளித்தல் ஒரு தலைமுறையின் நாள் முழுவதையும் காத்தல் ஆகும் என்பதை இராமநாதன் உணர்ந்திருந்தார். பரமேசுவராக் கல்லூரி வளவிலே அவர் எழுப்பிய கோயில், அவ்வளவு 1974ஆம் ஆண்டிற் பல்கலைக்கழக வளாகமான பின்னரும் மாணாக்கர் வணங்கும் இடமாக நிலைத்திருக்கின்றது. 1923ஆம் ஆண்டிலே சு. இராசரத்தினம் அவர்களது முயற்சியால் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் கிராமந்தோறும் சைவப் பாடசாலைகளை அமைத்தது. பெற்றோர் விரும்பாத சமயப் பாடத்துக்குப் பிள்ளையைக் கட்டாயப்படுத்தலாகாது என்னும் மனச்சாட்சி விதி 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தில் இடம்பெற்றதும் இக்காலத்திலேதான்.

இக்கல்லூரிகளின் நாளொழுங்கு விரைவில் ஒரு பொது வடிவம் பெற்றது. விடுதி மாணாக்கர் வைகறையில் எழுந்து கிணற்றடியிலே நீராடி, திருநீறு அணிந்து, வழிபாட்டு மண்டபத்திற் கூடுவர். பாடம் தொடங்குமுன் தேவாரம் ஓதப்படும். வெள்ளிக்கிழமைகளிற் சிறப்பு வழிபாடும் பஞ்சபுராணமும் நிகழும். சமயகுரவர் குருபூசைகளும், நவராத்திரியும், சிவராத்திரியும், மார்கழித் திருவெம்பாவையும் ஆண்டின் படிகளாயின. மடைப்பள்ளி சைவ உணவே சமைத்தது. வட்டுக்கோட்டையில் அயற்காணிக்குத் தள்ளப்பட்ட அடுக்களைப் பிரச்சினை இங்ஙனம் ஒரு நூற்றாண்டிற்குப் பின் தீர்ந்தது. மணி, கூட்டுவழிபாடு, விடுதி, வாரச்சிறப்பு ஆகிய யாவும் மிஷன் விடுதியின் சட்டகத்திலே சைவப் பொருளைப் பொதிந்தவை என்பதை மறுத்தலில் பெருமை இல்லை. பிறரிடமிருந்து நல்லதைக் கற்றுத் தமதாக்கிக் கொள்ளுதல் அறிவுடையோர் செயலேயாம்.

எனினும் ஒரு வினாவை விலக்கிச் செல்லுதல் வரலாற்றுக்கு இழைக்கும் தீங்காகும். வட்டுக்கோட்டைக் கிணற்றடியில் முதலிற் காக்கப்பட்டது சமயமா, சாதியா? சைவத்தின் தூய்மை என்று கருதப்பட்டவற்றுட் சாதியாசாரமும் பிரிக்கவியலாதவாறு கலந்திருந்தது என்பதே உண்மை. மிஷனார் அடுக்களையை அயற்காணியில் அமைத்ததும் அவ்வாசாரத்துக்கு இணங்கியே. நாவலரும் தம் காலத்துச் சாதி வேறுபாட்டை ஏற்றவராகவே நின்றார். பிற்காலத்துச் சைவப் பாடசாலைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இடமின்மையும், இடங் கிடைத்தவிடத்து நிலத்தில் இருத்தி வைத்தலும் வழக்கமாயிருந்தன. 1930ஆம் ஆண்டளவில் உதவிபெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டும் என்று பணிக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் எழுந்த எதிர்ப்பு கடுமையானது. காலையிலே நாயன்மார் திருப்பாட்டை ஓதிய மண்டபத்தில், அந்நாயன்மாருள்ளே குயவரும் வண்ணாரும் பரதவரும் பாணரும் புலையருமாகிய அடியார் இருந்தனர் என்பதை எவரும் அறியாதவரல்லர். அறிந்தும், அருகிலே ஒரு வாங்கில் இருத்தச் சம்மதியாமை நாளொழுங்குக்கும் சமயத்துக்கும் இடையே இருந்த பிளவைக் காட்டிற்று. திருநீறு நெற்றியில் நின்றது. அதன் பொருள் வாங்குவரை செல்லவில்லை.

இப்பிளவைத் தம் வாழ்க்கையால் இணைத்துக் காட்டியவர் சுவாமி விபுலாநந்தர் அவர்கள். 1892ஆம் ஆண்டிற் காரைதீவிற் பிறந்த அவர் மெதடிஸ்தப் பாடசாலையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்றவர், யாழ்ப்பாணத்து அர்ச். பத்திரிசியார் கல்லூரியிற் கற்பித்தவர். இலண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பட்டமும் பெற்றவர். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்து, 1922ஆம் ஆண்டில் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தவர். அவர் மேற்பார்வையில் வளர்ந்த பாடசாலைகளிலும் மாணாக்கர் இல்லங்களிலும் வழிபாட்டுக்கு அருகே தொண்டு வைக்கப்பட்டது. 1929ஆம் ஆண்டில் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயமும் அவ்வழியில் நின்றது. கிறித்தவக் கல்லூரிகளிற் கற்ற ஒருவர் துறவியாகவும், இசைத்தமிழ் ஆராய்ச்சியாளராகவும், ஏழைப்பிள்ளைகளின் ஆசிரியராகவும் வாழ்ந்தமை, ஒருவனது நம்பிக்கையை அவன் கற்ற பாடசாலையின் பெயர்ப்பலகையைக் கொண்டு அளத்தல் இயலாது என்பதை உணர்த்தும்.

1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. சைவக் கல்லூரிகளும் அவற்றுள் அடங்கின. சமயம் பாடத்திட்டத்தில் ஒரு பாடமாகவும், பொதுப் பரீட்சையில் ஒரு விடைத்தாளாகவும் உறுதி பெற்றது. பாடத்தை வேண்டி நாவலர் காலத்தவர் பட்ட பாட்டை எண்ணின் இது சிறிய பேறன்று. காலை வழிபாடும் வெள்ளிப் பூசையும் கலைமகள் விழாவும் பல கல்லூரிகளிற் கைவிடப்படாமல் வந்துள்ளன. பரீட்சைக்கு முந்திய நாளிற் பேனாவைப் பிள்ளையார் திருமுன் வைத்து வணங்கும் மாணாக்கரும் குறைவில்லை. அவ்வணக்கத்தை ஏளனஞ் செய்தல் தகாது. அச்சத்திலும் ஒரு நம்பிக்கை உண்டு. ஆயினும் பரீட்சை முடிந்த மறுநாட் காலையில் அவன் என்ன செய்கின்றான் என்பதே வினா.

மேற்காட்டிய வரலாற்றிலே நான்கு காலத்து மாணாக்கர் தோன்றுகின்றனர். ஒல்லாந்தர் பாடசாலையில் ஒப்புவித்து வீட்டில் விரதங் காத்தவன் ஒருவன். மிஷன் விடுதியில் வளர்ந்து வீடு திரும்பியதும் மாறியவன் ஒருவன். வாயிலிலே திருநீற்றைத் துடைத்து உள்ளே சென்றவன் ஒருவன். சைவக் கல்லூரி மண்டபத்தில் தேவாரம் ஓதி, வகுப்பிலே தோழனுக்கு ஆசனம் மறுக்கக் கண்டும் வாளாவிருந்தவன் ஒருவன். இந்நால்வர்க்கும் சமயக்கல்வி கிடைத்தது. குறைந்தது, கற்றதும் வாழ்ந்ததும் ஒன்றாகும் ஒரு நாள். அக்குறையைச் சட்டத்தாலோ பாடநூலாலோ நிரப்புதல் இயலாது. மணியோசை கேளாத விடுமுறை நாளிலும், ஆசிரியர் காணாத இடத்திலும், தனக்கு ஒரு பயனும் இல்லாதபோதும் ஒரு மாணாக்கன் வைகறையில் எழுந்து திருநீறு அணிந்து ஒரு கணம் கைகூப்புவானாயின், அதே கையால் அயலில் இருப்பவனுக்குத் தன் வாங்கில் இடம் விடுவானாயின், நாவலர் திண்ணையிலும் விபுலாநந்தர் இல்லத்திலும் தொடங்கிய கல்வி அவனிடத்தில் நிறைவு பெற்றதெனக் கொள்ளலாம்.